டயாலிசிஸ் படுக்கையில் நான்கு மணி நேரம்: நோயாளிகளை எழுதச் சொல்லலாமா?

கேள்வி: டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர், கிருஷ்ணகிரி மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். நான் ஒரு மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் பணியாற்றுகிறேன். எங்களிடம் வருபவர்கள் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள்கள், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டுப் படுத்திருக்கிறார்கள். சிறிது நேரம் கைப்பேசியில் கழிகிறது. மீதி நேரம் முழுவதும் மேற்கூரையைப் பார்த்தபடியே போகிறது. பெரும்பாலோருக்கு ஃபிஸ்டுலா (ஊசி குத்துவதற்காக ரத்தக்குழாய்களை இணைத்துச் செய்யும் அமைப்பு) இடக்கையில் போடப்பட்டிருப்பதால் வலக்கை சும்மா கிடக்கிறது. இந்த எண்ணம் எனக்குத் தோன்றியதே அந்தக் கையைப் பார்த்துத்தான்.

மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர் எங்களிடம் வருகிறார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடும் என்பதால் மாம்பழம் அவருக்கு ஆகாது என்று கூறியிருக்கிறோம். சென்ற சித்திரையில் ஒரு நாள் ஊசி குத்திக்கொண்டிருந்தபோது, "நாப்பது வருசமா காய் பறிச்சவன், ஒரு துண்டு வாயில வெக்க உங்கிட்ட உத்தரவு கேக்கணும்மா" என்றார். அதன்பின் நான்கு மணி நேரமும் ஒரு சொல் பேசவில்லை. எங்கள் பதிவேட்டில் எடைக்குக் கட்டம் உண்டு, ரத்த அழுத்தத்திற்குக் கட்டம் உண்டு, வெளியேற்றிய நீரின் அளவுக்கும் கட்டம் உண்டு. அவர் சொன்னதை எழுதிவைக்க ஒரு கட்டமும் இல்லை.

மனத்திலிருப்பதை எழுதினால் உடல்நலமும் தேறும் என்று பல இடங்களில் படிக்கிறேன். இதில் உண்மை எவ்வளவு, நாகரிக மோகம் எவ்வளவு? எங்களிடம் வருபவர்களில் கணிசமானோருக்கு எழுதப் பழக்கமில்லை. சிலர் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள். அவர்களை என்ன செய்வது? எழுதியதை நான் படிக்க வேண்டுமா? இதனால் யாருக்கேனும் தீங்கு நேருமா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாவேன்.

மறுமொழி 1: உளவியல் ஆலோசகர், ஓசூர்

சகோதரிக்கு வணக்கம். உண்மை உண்டு, ஆனால் மேடைகளில் பேசப்படும் அளவுக்கு இல்லை.

இதன் தொடக்கம் 1986இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு. அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னபேக்கரும் சாண்ட்ரா பீலும் 46 கல்லூரி மாணவர்களை நான்கு நாள்கள் தொடர்ந்து, நாளுக்கு 15 நிமிடம் எழுத வைத்தார்கள். சிலருக்குச் சாதாரணப் பொருள் ஒன்று தரப்பட்டது. மற்றவர்கள் தம் வாழ்வில் நேர்ந்த பெருந்துயரை எழுதினார்கள். நடந்ததையும் அதனால் பட்ட உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதி முடித்த கையோடு மனம் கனத்தது, ரத்த அழுத்தமும் சற்று ஏறியது. ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் மருத்துவ மையத்திற்குச் சென்ற தடவைகள் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன. எழுதியவுடன் நிம்மதி வரும் என்று எதிர்பார்த்து உட்காருபவர் முதல் நாளே ஏமாந்துபோவதற்கு இதுதான் காரணம்.

நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் இரண்டைச் சொல்கிறேன். 1999இல் ஜோஷுவா ஸ்மைத்தும் அவருடைய குழுவினரும் ஆஸ்துமாவோ முடக்குவாதம் என்னும் மூட்டு நோயோ உடைய 112 பேரை, மூன்று நாள்கள் 20 நிமிடம் வீதம் எழுதச் செய்தார்கள். நான்கு மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, தம் துயரத்தை எழுதியவர்களில் 47 சதவீதத்தினரிடமும் சாதாரணப் பொருளை எழுதியவர்களில் 24 சதவீதத்தினரிடமும் மருத்துவ அளவில் பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம் தெரிந்தது. 2013இல் நியூசிலாந்தில் 64 முதல் 97 வயது வரையிலான 49 முதியவர்களை எழுதச் செய்து, பின்னர்க் கையில் 4 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு சிறு தோல் காயத்தை ஏற்படுத்தி, அது எவ்வளவு விரைவில் ஆறுகிறது என்று கவனித்தார்கள். பதினோராம் நாளில் துயரத்தை எழுதியவர்களில் 76 சதவீதத்தினருக்குக் காயம் முழுதும் ஆறியிருந்தது. மற்றவர்களில் அது 42 சதவீதம். கேட்க வியப்பாக இருந்தாலும், 2006இல் 146 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவர் கண்டது, சராசரிப் பயன் உண்மையானது, ஆனால் சிறியது என்பதைத்தான். செலவு ஒரு தாளும் ஒரு பென்சிலும் என்பதால் சிறிய பயனையும் விட்டுவிட வேண்டியதில்லை. மருந்துக்கு மாற்றாக மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

முறை எளியது. பதினைந்து அல்லது இருபது நிமிடம், மூன்று நான்கு அமர்வுகள். என்ன நடந்தது, அப்போது உள்ளே என்ன ஓடியது, வீட்டில் யாரோடு உள்ள உறவை அது எப்படி மாற்றியது என்று கை போன போக்கில் எழுத வேண்டும்; எழுத்துப்பிழை பார்க்கக் கூடாது. ஒன்றை எழுதப்போனால் தாங்க முடியாது என்று தோன்றினால் அதை அன்றைக்குத் தொடாமல் வேறொன்றுக்குப் போய்விட வேண்டும். மொழி எதுவானாலும் சரி. வீட்டுத் தெலுங்கைத் தமிழெழுத்தில் எழுதினாலும் ஒன்றும் குறைந்துவிடாது. திட்டு வாங்கிய மொழியில்தான் திட்டு வலிக்கும் என்பது என் அனுபவம்.

தாங்கள் படிக்க வேண்டுமா என்றால், கூடாது என்பதே என் விடை. செவிலியர் படிப்பார் என்று தெரிந்த நொடியில் நோயாளி செவிலியருக்குப் பிடித்ததை எழுதத் தொடங்கிவிடுவார்.

ஓர் இடைச்செருகல். எழுதியவர்களின் சொற்களை ஆராய்ந்தபோது, நாளுக்கு நாள் காரணம் காட்டும் சொற்களும் "இப்போது புரிகிறது" என்பது போன்ற சொற்களும் கூடிவந்தவர்களுக்கே அதிகப் பயன் இருந்ததாகப் பென்னபேக்கர் கண்டார். தமிழில் நாம் "பயந்தேன்" என்பதைவிட "பயமா இருந்தது" என்றும், "கோபப்பட்டேன்" என்பதைவிட "கோபம் வந்தது" என்றும்தான் பெரும்பாலும் சொல்கிறோம்; உணர்ச்சி எங்கிருந்தோ நம் வீட்டுக்கு வந்த விருந்தாளி போல. யாராவது நான்காம் நாளில் "பயந்தேன்" என்று எழுதினால் அது எனக்கு ஒரு செய்தி. ஆய்வு முடிவாக அன்று, என் ஊகமாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ரத்த அழுத்தம் சற்று ஏறும் என்பதாலும், டயாலிசிஸின் கடைசி மணி நேரத்தில் அழுத்தம் இறங்குவதும் தசைப்பிடிப்பு வருவதும் உண்டு என்பதாலும், எந்த நேரத்தில் எழுதலாம் என்பதைத் தங்கள் சிறுநீரக மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

மறுமொழி 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பாலக்கோடு

அம்மா, நான் நோயாளியாக இருந்து எழுதிப் பார்த்தவன். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. வீடு திரும்பிய பிறகு உறக்கம் போய்விட்டது. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, அறுவைக்கு முந்தைய இரவு படுக்கையில் கிடந்து எண்ணியதையெல்லாம் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருப்பேன். பழைய மாணவர் ஒருவர் எழுதிப் பாருங்கள் ஐயா என்றார்.

எனக்கு நேர்ந்த முதல் இடையூறு என் தொழிலே. முப்பத்தைந்து ஆண்டுகள் சிவப்பு மையோடு வாழ்ந்தவன், "செத்துப் போய்விடுவேனோ என்று பட்டது" என்று எழுதிவிட்டு, ஒற்று மிகுமா மிகாதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு நாள்கள் இப்படியே வீணாயின. மூன்றாம் நாள் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் எழுதினேன். வரி வரியின் மேல் ஏறி எனக்கே படிக்க முடியாமல் போயிற்று. அன்றுதான் எழுத வேண்டியது வந்தது.

இரண்டாவது இடையூறு பெரியது. ஆலோசகர் கூறியதோடு அதைச் சேர்த்துப் படியுங்கள். பேரனின் கோடு போடாத நோட்டில்தான் எழுதிவந்தேன். அதில் என் தம்பியோடு இருந்த நிலத் தகராறு பற்றியும், மருத்துவச் செலவுக்கு மகனிடம் கை நீட்டியதில் பட்ட கூச்சம் பற்றியும் இருந்தது. பேரன் நோட்டைத் தேடப்போக, அது மருமகளின் கையில் சிக்கியது. அவள் தவறேதும் செய்யவில்லை, ஆனால் படித்துவிட்டாள். ஒரு வாரம் எங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர் இருக்கும்போது, ஒரு மனிதனுக்கென்று தனி இழுப்பறை எங்கே கிடைக்கும்? மேல்நாட்டு ஆய்வுகளில் எழுதியவர்கள் இந்தக் கவலையைச் சந்தித்திருப்பார்களா என்று தெரியவில்லை.

அதன்பின் தினசரி நாள்காட்டியில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் எழுதினேன். எழுதி முடித்து ஒரு முறை படித்துவிட்டு, காலையில் வெந்நீர் அடுப்பில் போட்டுவிடுவேன். ஏறத்தாழ நாற்பது தாள்கள் அப்படிப் போயின. உறக்கம் திரும்பியது எழுத்தாலா, புண் ஆறியதாலா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. ஆனால் மூன்று மணிக்கு விழித்தாலும், "இதை எழுதியாகிவிட்டதே" என்று திரும்பிப் படுக்க முடிந்தது.

ஆகவே, தாளைக் கொடுக்கும்போதே அது எங்கே போகும் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள்.

மறுமொழி 3: மக்களைத் தேடி மருத்துவம் தன்னார்வலர், அரூர் வட்டாரம்

எழுதப் படிக்கத் தெரியாதவர்களைப் பற்றி அக்கா கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். 2021 ஆகஸ்ட் 5ஆம் நாள் உங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட இந்தத் திட்டத்தில் நாங்கள் வீடு வீடாகச் சென்று சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்திற்கும் மாத்திரை கொடுக்கிறோம். "மனசு எப்படி இருக்குது பாட்டி?" என்று நேராகக் கேட்டால், "அதுக்கென்ன, இருக்குது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "உங்கள மாதிரியே பக்கத்து ஊர்ல ஒரு பாட்டி மாத்திரைய முந்தானைல முடிஞ்சு வெச்சிக்கிட்டுத் தின்னாமலே இருந்தாங்க" என்று தொடங்கினால், "ஏன், மருமக திட்டுனாளா?" என்று அவர்களே கதையை எடுத்துக்கொள்வார்கள். பிறகு வருவதெல்லாம் அவர்களுடைய கதைதான். பெயர் மட்டும் அந்தப் பாட்டியுடையது.

எங்கள் பக்கம் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து நடத்தி, முடிவில் படுகளம் வைப்பார்கள். மண்ணால் செய்த துரியோதனன் உருவம் பெரிதாகப் படுத்திருக்கும். ஒப்பாரி தொடங்கியதும், அந்த ஆண்டு வீட்டில் சாவு கண்ட பெண்கள் அங்கே அழுவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். துரியோதனனுக்காகவா அழுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. எழுதத் தெரியாதவர்களுக்கு மனத்தைத் திறக்க வழியில்லை என்று நினைக்க வேண்டாம். நாம் கேள்வித்தாளோடு போவதால்தான் அது மூடிக்கொள்கிறது.

மறுமொழி 4: பெயர் வெளியிட விரும்பாதவர், தர்மபுரி

எல்லோரும் நன்மையைச் சொல்லும் இடத்தில் ஒரு மாற்று அனுபவம். கணவரைப் பிரிந்த ஆண்டில், எழுதினால் ஆறும் என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு ஒவ்வோர் இரவும் எழுதினேன். இரண்டு மாதங்களில் மூன்று நோட்டுகள் தீர்ந்தன. ஒரே சண்டையைப் பதினேழு முறை எழுதியிருந்ததைப் பின்னர்தான் கவனித்தேன். ஒவ்வொரு முறையும் நான் இன்னும் கூர்மையாகப் பதில் சொல்லியிருந்தேன், அவ்வளவுதான். நோட்டை மூடி வைத்துவிட்டு, காலையில் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போடுவதென்று உறுதி செய்துகொண்ட பிறகே தேறினேன். எழுதுங்கள் என்று சொல்பவர்கள், எப்போது நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும்.

மறுமொழி 5: உளவியல் ஆலோசகர், ஓசூர் (மீண்டும்)

மேலே எழுதிய சகோதரிக்கு நன்றி. அவர் கூறியதை உறுதிப்படுத்தும் ஆய்வே உண்டு. 2013இல் வெளிவந்த அதில், மணவாழ்வில் அண்மையில் பிரிவைச் சந்தித்த 90 பேரில், "ஏன் இப்படி நடந்தது" என்று ஓயாமல் பொருள் தேடும் இயல்புடையவர்களுக்கு உணர்ச்சிகளை எழுதுவது மீட்சியைத் தாமதப்படுத்தியது. அன்றாடம் என்ன செய்தோம் என்று வெறுமனே குறித்துவந்தவர்களே அவர்களில் நன்றாகத் தேறினார்கள். வாசல் தெளித்துக் கோலம் போட்டதும் ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்திருக்கிறது. நான்கு அமர்வு என்ற எல்லையை அதனால்தான் வைத்தேன். அதை அழுத்திச் சொல்லாதது என் பிழை.

தன்னார்வலர் சகோதரியின் "பக்கத்து ஊர்ப் பாட்டி"க்கும் சான்று இருக்கிறது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், உயர் ரத்த அழுத்தமுள்ள கறுப்பின மக்கள் 299 பேரிடம் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியினருக்கு அவர்களைப் போன்ற நோயாளிகளே தம் கதையைப் பேசும் டிவிடிகளைக் கொடுத்தார்கள். அழுத்தம் கட்டுக்குள் இல்லாதிருந்தவர்களிடம், மூன்று மாதங்களில், கதை கேட்டவர்களின் மேல் அழுத்தம் மற்றவர்களைவிட ஏறக்குறைய 11 புள்ளி கூடுதலாகக் குறைந்திருந்தது.

இன்னொன்று, நம் மொழி பேசும் பிள்ளைகளைப் பற்றியது. ஒரு கயிற்றை நீட்டிப் போட்டு, வாழ்வில் நேர்ந்த நல்லவற்றுக்குப் பூவும் கொடியவற்றுக்குக் கல்லும் வைத்து, பிறந்ததிலிருந்து கதையைச் சொல்லவைக்கும் சிகிச்சை முறை ஒன்று போரிலும் வன்முறையிலும் சிக்கியவர்களுக்காக வகுக்கப்பட்டது. போரும் ஆழிப்பேரலையும் கண்ட வடகிழக்கு இலங்கைச் சிறுவர் 31 பேரிடம் அம்முறையையும், தியானமும் தளர்வுப் பயிற்சியும் சேர்ந்த முறையையும் ஒப்பிட்டு 2009இல் வெளியிட்டார்கள். இரண்டுமே நன்றாகப் பயன் தந்தன. ஒன்றைவிட ஒன்று மேல் என்று காட்ட முடியவில்லை. கதை சொல்லாமல் தேறுபவர்களும் உண்டு என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன். கயிற்று முறையைப் பயிற்சியின்றித் தாங்களே செய்து பார்க்க வேண்டாம்.

மறுமொழி 6: தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர், கிருஷ்ணகிரி

சுருக்கமாகச் சில சொற்கள். எழுத வேண்டியவர் நோயாளி மட்டுமே என்பதில்லை. செயற்கைச் சுவாசத்தில் பல நாள்கள் கிடந்து மீள்பவர்களுக்கு அந்நாள்களின் நினைவு இருப்பதில்லை. அல்லது யாரோ தம்மைக் கட்டிவைத்துக் கொல்ல வந்ததாக ஒரு பொய் நினைவு தங்கிவிடுகிறது. ஸ்காண்டிநேவிய நாடுகளில், செவிலியரும் உறவினரும் "இன்று உங்கள் மகள் வந்தார், காய்ச்சல் குறைந்தது" என்று நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதி, பின்னர் அதை நோயாளியிடம் கொடுக்கும் பழக்கம் தோன்றியது. 2010இல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு ஒன்றில் 352 பேரில், குறிப்பேடு பெற்றவர்களில் 5 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 13 சதவீதத்தினருக்கும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய் புதிதாகத் தோன்றியது. ஆனால் 2019இல் பிரான்சில் 657 பேரிடம் நடந்த ஆய்வில் அத்தகைய வேறுபாடு தெரியவில்லை. எனவே நான் இதைச் சிகிச்சை என்று சொல்லமாட்டேன், மரியாதை என்று சொல்வேன்.

எச்சரிக்கைகள் இரண்டு. துயரப்பட்டவரிடம் நடந்ததைச் சொல் சொல் என்று வற்புறுத்துவது உதவாது. உளவியல் முதலுதவி பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டியும் கட்டாயப்படுத்தக் கூடாது என்றே கூறுகிறது. எழுதும்போதோ பேசும்போதோ ஒருவர் வாழ விருப்பமில்லை என்ற பொருளில் எதையாவது வெளிப்படுத்தினால், அதை அந்தரங்கம் என்று வைத்துக்கொள்ளாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணிலும் எந்நேரமும் தமிழில் பேசலாம். டயாலிசிஸை நிறுத்திக்கொள்கிறேன் என்று சொல்பவர்களைத் தாங்கள் பார்த்திருப்பீர்கள். அது சலிப்பா, மனச்சோர்வா, தெளிந்து எடுத்த முடிவா என்று பிரித்தறிவதைத் தாங்கள் தனியாகச் சுமக்க வேண்டாம்.

நோயாளிகளின் கதைகளைப் படத்தோடு சுவரில் ஒட்டி விளம்பரம் செய்யும் ஆசை நிருவாகத்திற்கு வரக்கூடும். முதல் நாளே மறுத்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர், மூன்று வாரங்களுக்குப் பின்

பதிலளித்த அனைவருக்கும் என் பணிவான நன்றி. எங்கள் சிறுநீரக மருத்துவர் இரண்டாம் மணி நேரத்தில் மட்டும், ரத்த அழுத்தம் பார்த்த பிறகு, விரும்புபவர்கள் எழுதலாம் என்று இசைவு தந்தார். ஏழு பேரைக் கேட்டேன், நால்வர் ஒப்புக்கொண்டார்கள். படுத்துக்கொண்டு எழுதும்போது பேனாவில் மை இறங்காது என்பது முதல் நாள்தான் தெரிந்தது. பென்சிலுக்கு மாறினோம். ஒருவர் இரண்டு அமர்விலும் மளிகைக் கணக்கே எழுதினார் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அதுவும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஓர் அம்மா முதல் நாளுக்குப் பிறகு தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மாந்தோப்புப் பெரியவர் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர். தன்னார்வலர் சகோதரி சொன்னபடி, எங்கள் மாமா வீட்டு மரம் இரண்டாண்டாகக் காய்க்கவில்லை என்று பேச்சைத் தொடங்கினேன். பெங்களூரா வகை மாவுக்கு எந்தப் பருவத்தில் ஒட்டுக்கட்ட வேண்டும் என்பதில் தொடங்கி, மூன்றாம் முறை வந்தபோது தோப்பைத் தாண்டி வேறெங்கோ சென்றுவிட்டார். நடுவில் நிறுத்தி, "இத எழுதிக்கறியாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்பச் சரி" என்று மேலே சொன்னார். வாரத்தில் அந்தப் பதினைந்து நிமிடத்தை மற்ற வேலைகளிலிருந்து பிடுங்கித்தான் ஒதுக்குகிறேன்; எத்தனை நாளைக்கு முடியும் என்பது ஆள்பலத்தைப் பொறுத்தது.

தாள் எங்கே போகும் என்று ஆசிரியர் ஐயா கேட்டது சரியான கேள்வி. எழுதியவர்களில் ஒருவர், மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போடுவது எரிந்துவிடும் அல்லவா, அதில் போட்டுவிடுங்கள் என்றார். மருத்துவக் கழிவு விதிப்படி அதில் வெறும் காகிதம் போடக் கூடாது என்பதை அவருக்கு விளக்க வேண்டியதாயிற்று. இப்போது கிளம்பும் முன் அவர்களே கிழித்து ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிடுகிறார்கள். பென்சில் எழுத்து நீரில் கரைவதில்லை என்பதால், கூழாகும் வரை நான்தான் ஒரு குச்சியால் கலக்கிவிடுகிறேன்.